ஆடியோமாத்: பாட்டைப் பிடிக்கும், கூட்டைப் பிடிக்காது

"அக்கா, ஆடியோமாத் வாங்கலாமா?" என்று கேட்டு மாதம் ஒருவராவது மெசேஜ் போடுகிறார்கள். எல்லாம் பறவை ஆய்வில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள். ஃபெலோஷிப் பணம் கைக்கு வந்ததும் முதலில் கண்ணில் படுவது, காட்டில் கட்டிவிட்டு வந்தால் தானாகவே சத்தங்களைப் பதியும் இந்த ரெக்கார்டர்தான். ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

நான் நீலகிரியின் மேல்மலையில், அவலாஞ்சி பக்கம், சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் கூடு கட்டும் பறவைகளை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். புல்வெளியை வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் விழுங்கிக்கொண்டே வருகிறது. கோடை மழை ஒரு வருடம் வந்தது போல் அடுத்த வருடம் வருவதில்லை. இந்த நிலையில் பறவைகள் எப்போது கூடு கட்டுகின்றன, எத்தனை கூட்டில் குஞ்சு பறந்து வெளியேறுகிறது என்பதுதான் என் கேள்வி. இதற்கு ஆடியோமாத் எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். வவ்வால் ஆய்வு செய்பவர்களுக்கு இது வேறு கதை, அவர்களிடமே கேளுங்கள்.

முதலில் சாமானைப் பற்றி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பச்சைச் சர்க்யூட் போர்டு, அதன் முதுகில் மூன்று ஏஏ பேட்டரி (சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிறோமே, அதேதான்), ஓரத்தில் மைக்ரோ எஸ்டி கார்டு, கடுகளவு ஒரு மைக். அவ்வளவுதான். 58 மில்லிமீட்டர் நீளம், 48 அகலம், பேட்டரியோடு சேர்த்தும் உள்ளங்கையில் அடங்கிவிடும். திரை, பட்டன் எதுவும் கிடையாது. மூன்று நிலை உள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் மட்டும் உண்டு. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் வடிவமைத்தது. 2018இல் ஆய்விதழில் இதைப் பற்றி எழுதியபோது, பெலிஸ் நாட்டுக் காட்டில் வேட்டைத் துப்பாக்கிச் சத்தத்தைப் பிடிக்க இதைப் பயன்படுத்தியதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள். வன்பொருள் வரைபடம், மென்பொருள் இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். பெயர் பெற்ற பெரிய ரெக்கார்டர் ஒன்று வாங்கும் காசில் இவற்றில் பலவற்றை வாங்கிவிடலாம். ஆய்வு மாணவர்கள் இதை மொய்ப்பதற்கு அதுதான் காரணம், வேறு ரகசியம் இல்லை.

கம்ப்யூட்டரில் செருகி அட்டவணை போடுவது சுலபம். எத்தனை மணிக்கு விழிக்க வேண்டும், எவ்வளவு நேரம் பதிய வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும், நொடிக்கு எத்தனை முறை ஒலியை மாதிரி எடுக்க வேண்டும் என்று கேட்கும். கேட்டுவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை கோப்பு, எத்தனை எம்பி, பேட்டரி தோராயமாக எவ்வளவு செலவாகும் என்று கணக்கும் போட்டுக் காட்டும். இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். நான் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரி என்று பதிகிறேன். ஒரு நிமிடத்துக்கு 5.76 எம்பி ஆகும். காலை நான்கு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம், ஐந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 72 நிமிடம், அதாவது 415 எம்பி. 32 ஜிபி கார்டு இரண்டரை மாதம் தாங்கும். கூடு கட்டும் காலத்துக்கு அது போதும். எல்லாவற்றையும் இடைவிடாமல் பதிகிறேன் என்று கிளம்புபவர்கள், பிறகு உட்கார்ந்து அதை யார் கேட்பது என்று முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

நேரம் பற்றி ஒரு விஷயம். நீங்கள் மாற்றாவிட்டால் கோப்பின் பெயரில் உலகப் பொது நேரம்தான் விழும். பெயரின் கடைசியில் ஆறு பூஜ்யம் இருந்தால் இங்கே காலை ஐந்தரை என்று அர்த்தம். பழகிவிட்டால் வசதிதான், ஏனென்றால் கூச்சல் தொடங்கும் நேரமும் ஏறக்குறைய அதுவே. பேட்டரியைக் கழற்றி மாற்றினால் கடிகாரத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கும். அதற்காக லேப்டாப்பை மலைமேல் தூக்க வேண்டியதில்லை. போனிலிருந்து ஒரு சின்ன இசைச் சத்தம் போட்டு, அந்த மைக் வழியாகவே கடிகாரத்தை அமைக்க ஒரு செயலி இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நாம் மரத்துக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவது போல இருக்கும். எங்களோடு களத்துக்கு வரும் அண்ணன் அதைப் பார்த்துச் சிரிக்காத நாள் இல்லை.

இனி மழை. அந்த விலை போர்டுக்கு மட்டும்தான், உறை தனி. தண்ணீர் புகாத உறை ஒன்றை அவர்களே தருகிறார்கள், ஆனால் அதையும் சேர்த்தால் பட்ஜெட் ஏறுகிறது. அதனால் நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஜிப்லாக் கவரோ டிபன் டப்பாவோ வைத்துச் சமாளிக்கிறோம். சமவெளியில் அது போதும். மேல்மலையில் போதாது. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். மழை இல்லாத நாளிலும் மஞ்சு இறங்கி எல்லாவற்றையும் நனைத்துவிட்டுத்தான் போகும். டப்பாவுக்குள் ஈரம் கோத்துக்கொண்டால் மைக் பஞ்சு அடைத்த காது போல் ஆகிவிடும். பதிவு நடந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் உச்சஸ்தாயிக் குரல்கள் எல்லாம் மங்கிப்போயிருக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு உள்ளே போடுங்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மாற்றுங்கள். மூடியின் மேல் நேராகச் சொட்டு விழாமல் கொஞ்சம் சாய்த்துக் கட்டுங்கள். இல்லாவிட்டால் மழைக்காலப் பதிவில் பறவைக்குப் பதிலாக 'டப் டப்' என்று டப்பாதான் பாடும்.

மரத்தில் கட்டும் உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழே கட்டினால் காட்டுமாடு வந்து உரசும், மேலே கட்டினால் கருமந்தி வந்து பிரித்துப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நியாயமான உயரம் உண்டு என்று நான் நம்பிக்கொண்டிருக்கிறேன். மைக் துளைக்கு மேல் சிலந்தி வெள்ளையாகப் பஞ்சுக்கூடு கட்டிவிடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டு எடுக்கப் போகும்போதெல்லாம் ஒரு பழைய டூத் பிரஷ் எடுத்துப் போகிறேன்.

எஸ்டி கார்டை மட்டும் மலிவாகப் பார்க்காதீர்கள். மலையடிவாரத்தில் ஒரு கடையில் பாதி விலைக்குக் கொடுத்தார்கள் என்று எங்கள் ஆய்வகத்தில் வாங்கி வந்த கார்டுகளில், அட்டையில் எழுதியிருந்த கொள்ளளவில் கால்வாசிகூட உள்ளே இல்லை. நிறைந்த பிறகும் எழுதுவது போலவே காட்டும், திறந்தால் கோப்பு காலி. கார்டை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. எந்தக் கடையில் வாங்கினாலும் அதை ஒருமுறை ஓட்டிவிட்டுத்தான் காட்டுக்குள் எடுத்துப் போக வேண்டும்.

ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அந்த நேரத்துப் பேட்டரி நிலையும் போர்டின் வெப்பநிலையும் பதிவாகும். இது பலருக்குத் தெரியாது. பேட்டரி எந்த நாளில் இறங்க ஆரம்பித்தது என்று பார்க்க இது அருமையான வசதி. ஆனால் அந்த வெப்பநிலையை எடுத்து ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். அது டப்பாவுக்குள் இருக்கும் சூடு. காலை வெயில் நேராக விழும் மரத்தில் கட்டிய கருவியும் சோலைக்குள் கட்டியதும் ஒரே காலையில் வேறு வேறு கதை சொல்லும். கூட்டின் வெப்பநிலை வேண்டுமென்றால் பட்டன் அளவு லாகர்கள் தனியாக இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்துங்கள்.

சரி, பதிந்ததை என்ன செய்வது? இப்போது எல்லோரும் பேர்ட்நெட் என்ற மென்பொருளில் போடுகிறார்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. ஒலியை மூன்று மூன்று விநாடியாக வெட்டி, இது இன்ன பறவை என்று சொல்லி ஒரு மதிப்பெண்ணும் போடும். அந்த மதிப்பெண் 0.8 என்றால் 80% சரி என்று அர்த்தம் இல்லை. ஒரு பறவைக்கு 0.4 போதும், இன்னொன்றுக்கு 0.9 வந்தாலும் சந்தேகம்தான். உங்கள் காட்டில், உங்கள் பறவைக்கு எந்த மதிப்பெண்ணில் எத்தனை சரியாக வருகிறது என்று நீங்களே காதால் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நீலகிரி நெட்டைக்காலி என்ற புல்வெளிப் பறவையின் மெல்லிய குரலும் காற்றில் உரசும் புல்லின் சத்தமும் ஒன்றோடு ஒன்று கலக்கும் மதிய நேரத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் பறவைகளின் பதிவுகளைக் கொடுத்துப் பழக்கினால் பேர்ட்நெட் தேறுகிறது. அந்தப் பழக்கும் வேலைக்கு ஆடியோமாத்தே போதும், தரத்தில் குறை சொல்ல மாட்டேன்.

இதுவரை சொன்னது எல்லாம் சாமான். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீலகிரிச் சோலைக்கிளியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில்தான் கிளி. ஆள் குருவி அளவுதான். நீலச்சாம்பல் முதுகு, செம்பழுப்பு வயிறு, சோலையின் இருட்டில் தரையோடு தரையாகத் திரியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டும் வாழ்வது, அழியும் அபாயத்தில் இருப்பது. 2017இல்தான் இதற்கும் இதன் தெற்கத்தி உறவுக்கும் சேர்த்துத் தனிப் பேரினம் கொடுத்தார்கள். மரப்பொந்திலோ மண்திட்டின் குழியிலோ பாசி வைத்துக் கூடு கட்டும். வழக்கமாக இரண்டு முட்டை. கோடையில் விடிகாலை அதன் பாட்டு ஆடியோமாத்தில் அட்டகாசமாக விழும். ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால் யாரோ பேனாவால் எழுதியது போலத் தெளிவாக இருக்கும்.

பார்த்ததும் என்ன தோன்றும்? இங்கே நிறையப் பாட்டு, ஆகவே இங்கே நன்றாக இனப்பெருக்கம் நடக்கிறது. இப்படி எழுதப்பட்ட ஆய்வுத் திட்டங்களை நிறையப் படித்திருக்கிறேன். மதிப்பீட்டுக் குழுவில் இருந்தால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவேன்.

பாடும் பறவைகள் பலவற்றில் ஆண் பறவை உச்சத்தில் பாடுவது ஜோடி சேரும் வரைக்கும்தான். ஜோடி சேர்ந்து, முட்டை வந்து, குஞ்சுக்குத் தீனி சுமக்க ஆரம்பித்தால் பாட்டு குறைந்துவிடும். ஜோடி கிடைக்காத ஆண் மட்டும் சீசன் முழுக்கக் கத்திக்கொண்டிருக்கும். அமெரிக்காவின் மிசௌரியில் 1990 வாக்கில் அவன்பேர்ட் என்ற காட்டுப் பறவையை வைத்துச் செய்த ஆய்வில், துண்டுபட்ட காட்டில் இடம் பிடித்திருந்த ஆண்களில் பலவற்றுக்கு ஜோடியே இல்லை என்று தெரியவந்தது. பெரிய காட்டில் நிலைமை நன்றாக இருந்தது. பாட்டை மட்டும் எண்ணியிருந்தால் எதற்கு ஜோடி உண்டு, எதற்கு இல்லை என்பது தெரிந்தே இருக்காது.

எனக்கு இது படிப்பில் வந்ததல்ல. சீகை சூழ்ந்த ஒரு சின்னச் சோலைத்துண்டின் ஓரத்தில் நின்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் கேட்டார்: "பாட்டெல்லாம் சரிம்மா, ஜோடி எங்க?"

"தேடுவோம்ணா" என்றேன். தேடினோம். தீனி வாயில் வைத்துக்கொண்டு போகும் பறவை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பெரிய சோலையில், ரெக்கார்டர் அவ்வளவாகப் பதியாத ஒரு மூலையில், பாசிக் கூட்டிலிருந்து வாய் திறந்த இரண்டு குஞ்சுகளைக் கம்பில் கட்டிய கண்ணாடியில் பார்த்தோம். அண்ணன் படுகர், இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கூடு இருக்கும் மண்திட்டை நூறடி தள்ளி நின்றே சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு ஈடாக எந்தக் கருவியும் இன்னும் வரவில்லை.

புல்வெளியில் நிலைமை இன்னும் மோசம். நெட்டைக்காலி தரையிலேயே, புல்கொத்துக்கு அடியில் கூடு வைக்கிறது. முக்கியமாக ஏப்ரல், மே. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் பகுதிகளில் 1973 முதல் 2017 வரை புல்வெளியில் 23%, அதாவது சுமார் 340 சதுர கி.மீ., வெளிநாட்டு மரங்களுக்குப் போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. மிச்சமுள்ள புல்வெளியிலும் ஓரம் கூடிவிட்டது. ஓரம் கூடினால் காக்கை, கீரி எல்லாம் கூட்டுக்குக் கிட்டே வரும். கூட்டில் முட்டை திருடு போனதா, குஞ்சு பறந்ததா என்று ரெக்கார்டருக்கு எப்படித் தெரியும்?

அதைத் தெரிந்துகொள்ளப் பழைய வழிதான். கூட்டைக் கண்டுபிடி, சில நாளுக்கு ஒருமுறை போய்ப் பார், உயிரோடு இருக்கிறதா என்று குறித்துக்கொள். ஹெரால்ட் மேஃபீல்ட் 1961இல் சொன்ன கணக்கு இன்றைக்கும் அடிப்படை: கண்ட கூடுகளில் எத்தனை ஜெயித்தது என்று சதவீதம் போடாதே, ஏனென்றால் சீக்கிரம் அழிந்த கூடுகள் உன் கண்ணிலேயே பட்டிருக்காது. ஒரு நாள் தாண்டும் வாய்ப்பைக் கணக்கிடு, எத்தனை நாள் தாண்ட வேண்டுமோ அத்தனை முறை அதை அதோடேயே பெருக்கு. ஒரு நாளுக்கு 96% பிழைக்கும் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். 28 நாள் தாண்ட வேண்டிய கூட்டுக்கு அது 32%. அதை 97% ஆக்கினால் 43%. ஒரே ஒரு சதவீதம், இவ்வளவு வித்தியாசம். சீகையை வெட்டிய இடத்துக்கும் வெட்டாத இடத்துக்கும் நடுவில் நான் தேடுவது அந்த ஒரு சதவீதத்தைத்தான். அது ஒலிக்கோப்பில் கிடைக்காது.

அப்படியானால் ஆடியோமாத்தை ஏன் வாங்கலாம் என்கிறேன்? 'எப்போது' என்ற கேள்விக்காக. ஐரோப்பாவில் இந்தத் துறை வளர்ந்ததே அந்தக் கேள்வியில்தான். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து வைத்தம் காட்டில் பெரிய பட்டாணிக் குருவிகளை 1947 முதல் தொடர்ந்து பார்த்துவருகிறார்கள். வசந்தம் முந்த முந்த, முட்டையிடும் நாளும் ஏறக்குறைய இரண்டு வாரம் முந்திவிட்டது. நெதர்லாந்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வரும் ஈப்பிடிப்பான் ஒன்று, குஞ்சுகளுக்குத் தீனியாகும் புழுக்கள் நிறையக் கிடைக்கும் நாட்கள் முந்திவிட்ட காடுகளில் இருபது ஆண்டில் 90% வரை குறைந்தது என்று 2006இல் வந்த ஆய்வு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அங்கெல்லாம் கூட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டால் பறவை தானே வந்து முட்டையிடும், திறந்து தேதி எழுதிக்கொள்ளலாம். கொடுத்துவைத்தவர்கள். நம் மலையில் பெட்டியும் இல்லை, எழுபது வருடப் பதிவும் இல்லை. இங்கே பறவைக்குத் தாளம் போடுவது வெயிலை விட மழை. அதுவும் ஒரு பள்ளத்தாக்கில் பெய்தால் அடுத்ததில் பெய்யாது. எல்லாப் பள்ளத்தாக்கிலும் ஒரே விடிகாலையில் நான் நிற்க முடியாது. ஆடியோமாத் நிற்கும். பாட்டு எந்த வாரத்தில் ஏறியது, முதல் கோடை மழைக்குப் பிறகு எத்தனை நாளில், எங்கே திடீரென்று இறங்கியது என்று அது சொல்லிவிடும். பாட்டு இறங்கிய இடத்துக்கு நாங்கள் கூடு தேடப் போகிறோம். இந்த ஒரு வேலையை இந்த விலைக்கு இது போல் செய்யும் சாமான் வேறு இல்லை.

மேல்மலை போன்ற ஈரக்காட்டில் வேலை செய்பவர்கள் போர்டோடு உறையையும் சேர்த்தே ஆர்டர் போடுங்கள். உறைக்குக் காசில்லை என்றால் போர்டு எண்ணிக்கையைக் குறையுங்கள். பட்டியலில் எந்தெந்தப் பறவை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கும், ராத்திரிப் பறவைகளைப் பார்ப்பவர்களுக்கும் இது தாராளமாகப் போதும், கூட்டைப் பற்றி மேலே நான் புலம்பியது எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. கூடு கட்டுவதில் என்ன மாறுகிறது என்று கேட்பவர்கள் பணத்தில் பாதிக்கு மேல் இதில் போடாதீர்கள். எனக்கு வரும் வருடத்துக்கு மானியத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னும் சில ரெக்கார்டர் வாங்கலாம் என்று கைடு சொல்கிறார். கூடு தேடத் தெரிந்த இன்னொருவரை ஏப்ரல் முதல் ஜூன் வரை சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அண்ணனின் தம்பி வருகிறேன் என்றிருக்கிறார்.